மூக்குக்கண்ணாடி இல்லாத படம்

பட்டாளத்து அதிகாரிகளுக்குச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டித் தைப்பது கணவர். பொத்தான் துளை தைப்பது அவள். பேச்சும் குத்தும் என்பதால் தெருவே அவளை ஊசி என்றுதான் அழைத்தது. “நீங்களும் உங்க கத்தரிக்கோலும் ஒண்ணுங்க. வாயத் தெறந்தா நஷ்டம்தான்” என்று புருஷனையே வாருவாள்.

ஒரே மகளைக் கப்பல் ஏற்றிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று அவளிடமிருந்து சேதி வந்ததும், தானே தைத்த, கழுத்துவரை பொத்தான் வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியையும் துடைத்து மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரரின் புகைப்பட நிலையத்துக்குப் போனாள் ஊசி.

வெள்ளைக்காரர் அவளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். உதவியாளன் அதை எடுத்துச் சொன்னான்.

“மொதல்ல அவருக்கு ஒரு படம் வேணுமாம். அப்புறம் உங்க இஷ்டப்படி ஒண்ணு சும்மாவே எடுத்துத் தருவாராம். சட்டையும் கண்ணாடியும் வேண்டாங்கிறார்.”

“கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதே, தம்பி.”

“உங்களுக்கு எதுக்குக்கா தெரியணும்? அவருக்குத் தெரிஞ்சாப் போதும்.”

மகளை நினைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றி, அவர்கள் கொடுத்த முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கழுத்தில் பாசிமணி போட்டார்கள். வெற்றுத் தோளில் ஒரு காலிக் குடத்தை வைத்தார்கள். தலை ஆடாமலிருக்கப் பின்னாலிருந்து ஓர் இரும்புக் கவ்வி பிடரியைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் முடிந்ததும், வெளிச்சம் போய்விட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள்.

அந்த நாளை வரவேயில்லை. போன ஒவ்வொரு முறையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவளுடைய படம் அந்த நிலையத்தின் கண்ணாடி ஜன்னலில் தொங்கியது. தெருவே போய்ப் பார்த்தது.

“ஏங்க, அதக் கழட்டச் சொல்லுங்க.”

கணவர் தைத்துக்கொண்டிருந்த சிவப்புக் கோட்டிலிருந்து நிமிரவில்லை. “இதப் போடப்போறதே அந்தப் படக்கார வெள்ளைக்காரரோட தம்பிதான். நான் வாயத் தெறந்தா கடை போயிடும்.”

“தெறக்க வேண்டாம்” என்றாள். அதன்பின் அவளும் அதிகம் திறக்கவில்லை.

கடைசியாக ஒரு தடவை தனியாகப் போனாள். படம் பதிந்த கண்ணாடித் தகட்டையே கப்பலில் அனுப்பியாயிற்று, இந்த நாட்டு மக்களைப் பற்றிய புத்தகத்தில் அச்சிடப்போகிறார்கள் என்றான் உதவியாளன்.

“அதுல என் பேர் இருக்குமா?”

“பேர் கெடையாதுக்கா. தண்ணி சொமக்கிற பொம்பளன்னு போட்டிருக்கு.”

“நான் பொத்தான் துளை தைக்கிறவள்னு சொல்லு தம்பி. நீயாவது சொல்லு.”

அவன் திரையை இழுத்துவிட்டு உள்ளே போனான்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு ஊசி படுத்தாள். எழுந்திருக்கவேயில்லை.

மகள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. அந்த ஜன்னலுக்கு முன்னால் போய் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். அப்பா மறுபடி தைக்க உட்கார்ந்திருந்தார்.

“நான் அங்க போயிருக்கக் கூடாதுப்பா” என்றாள். “கண்ண மூடினா இப்ப அந்தக் கொடத்துக்காரிதான் வர்றா. அம்மா வர மாட்டேங்கிறா.”

அவர் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நூல் காதில் ஏறவில்லை. குழந்தை அழத் தொடங்கியதும் மகள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.