காற்றாடி நின்ற செய்தி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லாரியில் கிளீனராக ஏறி, ஆறு லாரிக்கு முதலாளியாகி, இன்று நாமக்கல் பக்கம் மூன்று கோழிக் கொட்டகை வைத்திருக்கிறேன். அங்கே ஓடும் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு யோசனை என்னுடையது. கல்யாண வீடுகளில் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் எழுதியே வைக்கிறேன்.

போன சித்திரையில், கொட்டகைச் சூட்டைத் தணிக்கும் காற்றாடிகளை வயர்லெஸ் பெட்டியோடு இணைத்தோம். காற்றாடி நின்றால் பெட்டிக்குச் செய்தி வரும். திரையில் சிவப்பு எரியும், சங்கு ஊதும். ஒரு மத்தியானம் திரை முழுக்கப் பச்சை. ஏனோ மனசு கேட்காமல் கொட்டகைக்குள் போனேன். காற்றாடிகள் நின்று கிடக்கின்றன, கோழிகள் வாயைப் பிளந்து இளைக்கின்றன. இன்னும் அரை மணி போயிருந்தால் கொட்டகையே காலி.

பெட்டியைச் செய்து கொடுத்த பொறியாளர் அம்மா சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து மறுநாளே வந்தார். தீவன மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துப் பார்த்தார்.

"இணைப்பு ஒரு நிமிசம் அறுந்திருக்குதுங்கய்யா. அந்த நேரத்துலதான் காத்தாடி நின்னுருக்குது. செய்தி தொலைஞ்சு போச்சு. இணைப்பு திரும்பினதும் டிரைவர் பழைய பச்சையவே காட்டுது."

டிரைவர் என்று அவர் சொன்னது வயர்லெஸ் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை.

"செய்திய மறுக்கா அனுப்ப வெச்சர்லாமுங்க."

"அதுவும் தொலைஞ்சா என்னங்க அம்மணி பண்ணுவீங்க?"

கேட்கும்போதே எனக்கு வழி பிடிபட்டுவிட்டது. மலைப்பாதையில் லாரி போனால் போன் எடுக்காது. சிக்னல் வந்ததும், நடுவில் என்ன நடந்தது என்று லாரி ஓட்டுகிறவனிடம் நான் கேட்டதே இல்லை. இப்போது எங்கே நிற்கிறாய், டயரெல்லாம் சரியா, லோடு கட்டு சரியா, அவ்வளவுதான். தொலைந்த சேதியெல்லாம் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

"இணைப்பு வந்ததும் பெட்டி ஒவ்வொரு காத்தாடியா கூப்புட்டு, ஓடறியா நிக்கறியான்னு கேக்கட்டுங்க. பதில் வர்ற வரைக்கும் பச்சை காட்டக் கூடாது."

அவர் விரல் விசையிலேயே நின்றது. "இதுக்கு நாங்க நாலு வருசம் படிச்சோமுங்கய்யா."

"நான் முப்பது வருசம் லாரியோட கெடந்தனுங்க."

"அப்ப நாந்தான் சீக்கிரம் முடிச்சிருக்கறன்."

மூன்றாம் நாள் சோதனை. அவர் பெட்டியின் ஆன்டெனாவைக் கழற்றினார். நான் காற்றாடிகளை நிறுத்தினேன். ஒரு நிமிடம் கழித்து ஆன்டெனாவை மாட்டினார். பச்சை போய் மஞ்சள் வந்தது, பெட்டி கேட்கிறது. அடுத்த நொடி சிவப்பு. சங்கு ஊதியது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரரைப் போனில் கூப்பிட்டுச் சங்கைக் கேட்க வைத்தேன். என் யோசனை என்று இரண்டு தடவை சொன்னேன்.

"ஐயா, பேசுனது போதுமுங்க. காத்தாடியப் போடுங்க, கோழியெல்லாம் வாயத் தொறக்குது."

போனைத் தீவன மூட்டைமேல் போட்டுவிட்டு ஓடினேன்.