வீடியோ கோல் இல்லாத விடுதி

போன கிழமை அக்காவின் மகளைப் பல்கலைக்கழக விடுதியில் கொண்டுபோய் விட்டேன். நான் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருக்க, அவள் விடுதியின் வைஃபையைப் போனில் தேடிப் பிடித்தாள். பாவனை விதிகள் என்று திரை முழுக்க எழுத்து வந்தது. விரலால் ஒரே தள்ளாகக் கீழே தள்ளி, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற இடத்தில் தட்டிவிட்டாள்.

"வாசிச்சனியோ?" என்று கேட்டேன்.

"இதையெல்லாம் ஆர் சித்தி வாசிக்கிறது?"

நான் வாங்கி வாசித்தேன். அடுத்தவர் கணக்கில் நுழையக்கூடாது, களவாகப் படம் இறக்கக்கூடாது, அப்படி நிறைய. நியாயமான விதிகள்தான். ஆனால் பக்கத்து அறையில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அந்த விதிகளுக்குத் தெரியாது போலிருந்தது. எங்களுடைய காலத்து விதிகள் முழுக்க முழுக்கப் பக்கத்து அறைக்காரியைப் பற்றியவை.

நாங்கள் மீன்பிடியியல் படித்தவர்கள். கடைசி வருடக் களப்படிப்புக்காக எங்கள் வகுப்புப் பெண்களை மன்னார்த் தீவில் ஒரு வாடகை வீட்டில் தங்கவைத்தார்கள். பேசாலைக்குப் போகும் வீதியில் பழைய மாடிவீடு. பின்வளவில் பக்கத்து வீட்டார் கருவாடு காயப்போடுவார்கள். முதல் கிழமை மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தோம். பிறகு எங்கள் உடுப்பு, தலையணை, ஆய்வு அறிக்கை எல்லாமே அப்படி மணக்கத் தொடங்கியதும் பேசாமல் இருந்துவிட்டோம். இன்றைக்கும் எங்கேயாவது அந்த மணம் வந்தால் எனக்குக் கடல் நினைவு வராது. முன்னறை அலுமாரிக்கு மேலே, மடு மாதாவின் சுருவச் சிலைக்குப் பக்கத்தில் பச்சை வெளிச்சத்தோடு மினுங்கிய றவுட்டர்தான் நினைவில் வரும். மேல்மாடிக்கும் சமிக்ஞை எட்ட வேண்டுமென்று வார்டன் பிலோமினா மிஸ் அதை அங்கே வைத்திருந்தார். லைன் அறுந்தால் நாங்கள் மாதாவைத்தான் பார்ப்போம்.

ரெலிபோன் கம்பியோடு வந்த ஒரே ஒரு லைன் அது. ஒருத்தி பாட்டுக் கேட்டால் இன்னொருத்திக்கு மின்னஞ்சல் திறக்காது. அதனால் மிஸ் தன் வடிவான கையெழுத்தில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒருத்திக்கு ஒரு கருவி. படம் பார்ப்பது இல்லை. அறிக்கை அனுப்புகிறவளுக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும். கடைசியாக, வீடியோ கோல் எக்காரணம் கொண்டும் இல்லை. 'எக்காரணம் கொண்டும்' என்பதன் கீழே இரண்டு கோடு.

இவற்றை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒருநாள் றவுட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன், வேலை செய்தது. அவ்வளவுதான் என் தகைமை. நறுவிலிக்குளத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பம்பைக்கூட நான் தொட்டதில்லை. இங்கே யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கந்தோரில் பெரியவர் இருப்பதுபோலக் கதிரையில் சாய்ந்து இருப்பேன்.

என் அறையில் இருந்தவள் தர்சினி. வெள்ளாங்குளத்துப் பிள்ளை. தகப்பன் வயல்காரர். அவள் விதியை மீறியதே இல்லை. வீட்டு நினைவு வந்தால் தகப்பனின் பழைய படமொன்றைப் போனில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

மாரிமழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, வீட்டு ரெலிபோன் அடித்தது. மிஸ்தான் எடுத்தார். "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னார். பிறகு மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, "தர்சினி, கீழ வா பிள்ளை" என்றார். அந்தக் குரலிலேயே நாங்கள் எல்லோரும் எழும்பிவிட்டோம்.

தகப்பனுக்கு நெஞ்சுவலி. வெள்ளத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லாமல் வீட்டிலேயே முடிந்துவிட்டது.

மிஸ்ஸும் நானும் தர்சினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். தீவைத் தாண்டிப் பெருநிலத்தில் கொஞ்சத் தூரம் போனதும் வீதி இல்லை. மண்ணிறத் தண்ணீர்தான் இருந்தது. மறித்து நின்ற பொலிஸ்காரர் தமிழர். "லொறியே இழுபட்டுப் போச்சுது. திரும்பிப் போங்கோ தங்கச்சி" என்றார். தர்சினி இறங்கித் தண்ணீர் விளிம்புவரை போனாள். அந்தப் பக்கம் அவளுடைய வீடு ஒரு பஸ் ஓட்டத் தூரம்தான். அவள் அழவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். மிஸ் ஓடிப்போய் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது தர்சினியின் வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு. பெட்டியோ ஐஸோ கொண்டுவர வழி இல்லை, பின்னேரமே உடலை எடுக்கப்போகிறோம் என்றார்கள். தீவில் போன் கோபுரங்கள் மின்சாரம் இல்லாமல் ஓய்ந்துபோய்க் கிடந்தன. எங்களிடம் இருந்தது சின்ன ஜெனரேட்டரில் ஓடிய அந்த ஒற்றை லைன்தான்.

நான் சுவரைப் பார்த்தேன். மிஸ் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"அதை எழுதினது நான்தானே. இப்ப நான்தான் சொல்லுறன். போட்டுக் குடு" என்றார்.

மேல்மாடிக்கு ஏறி விஷயத்தைச் சொன்னேன். எங்கள் வகுப்புக்காரி நஸ்ரினா அப்போதுதான் தன் ஆய்வு அறிக்கையை அனுப்பிக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம்தான் கடைசித் தவணை. அரைவாசி போயிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மடிக்கணினியை மூடினாள். பிறகு அந்த அறிக்கைக்குப் பிந்தியதென்று புள்ளி குறைத்தார்கள். ஏன் பிந்தியது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

என் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் தர்சினியின் போன் மட்டும் இருந்தது.

தர்சினியின் பெரியப்பாவின் மகன் ரவி, கோபுரம் இன்னும் வேலைசெய்த அந்தப் பக்கத்தில் போனைப் பிடித்திருந்தான். படம் தெளிந்து, உடைந்து, மறுபடி தெளிந்தது. கூடத்தில் தகப்பனைக் கிடத்தியிருந்தார்கள். ரவி போனைத் தாழ்த்தி முகத்தைக் காட்டினான். தர்சினி "அப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். அங்கே அழுதுகொண்டிருந்த பெண்கள் அந்தக் குரல் கேட்டு ஒரு கணம் நின்றார்கள். பிறகு தாய் திரைக்குக் கிட்ட வந்து, மகளை உற்றுப் பார்த்தார்.

"சாப்பிட்டனியோ பிள்ளை?"

"ஓம் அம்மா." அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

நாங்கள் அவளைச் சுற்றி நிலத்தில் இருந்தோம். மிஸ் செபமாலையை உருட்டியபடி சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. தாய் ஒரு பிடி அரிசியை எடுத்து, போனுக்கு முன்னால் நீட்டிக்காட்டி, "இது உன்ர" என்று சொல்லிப் போட்டார்.

பாடையைத் தூக்கினார்கள். ரவியும் பின்னால் நடந்தான். வளவு வாசல் படலையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்கு அப்பால் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. ரவி அங்கேயே தயங்கினான்.

"தங்கச்சி, நான் சுடலைக்குப் போகவேணும். போனை நிப்பாட்டவோ?"

யாரோ ஒரு பெரியவர், "பொம்பிளைப் பிள்ளையெல்லே, காணும் விடு" என்றார். அப்போது தாயின் குரல் கேட்டது. அழுது கம்மிப்போன குரல், ஆனால் உறுதியாக இருந்தது.

"கொண்டு போ ரவி. கடைசி நேரத்தில அவளுக்குத் தேப்பனைக் காட்ட முடியேல்லை. அவள் போகட்டும்."

ட்ராக்டரில் வைத்துத் தண்ணீருக்குள்ளால் கொண்டுபோனார்கள். படம் ஆடியது, கவிழ்ந்தது, வானம் தெரிந்தது, யாரோ ஒருவரின் குடை தெரிந்தது. சுடலை மேட்டில் தகரத்துக்குக் கீழே விறகு அடுக்கியிருந்தார்கள். தர்சினியின் தம்பி, பள்ளிக்கூடம் முடிக்காத பையன், மழையில் நடுங்கிக்கொண்டு கொள்ளி வைத்தான். "பயப்பிடாத தம்பி, நான் நிக்கிறன்" என்றாள் அவள். அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் போனைப் பார்த்தான். புகை எழும்பி நெருப்புத் தெரிந்தது. அந்தப் படத்தோடு லைன் உறைந்து நின்றது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியாது.

மிஸ்தான் முதலில் எழும்பினார். அவர் கத்தோலிக்கர், பேசாலைக்காரி. ஆனாலும் தர்சினியின் தோளைத் தொட்டு, "சுடலைக்குப் போயிட்டு வந்தனி. தோய வேணும் பிள்ளை, வா" என்றார். மழையிலேயே கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். நான் அள்ளினேன், நஸ்ரினா ஊற்றினாள். அங்கேதான் தர்சினி வாய்விட்டு அழுதாள். நாங்கள் ஊற்றுவதை நிற்பாட்டவில்லை.

அன்று முழுக்க யாரும் தன் போனைத் திரும்ப வைஃபையில் இணைக்கவில்லை. அப்படி ஒரு விதியும் இருக்கவில்லை.

மறுநாளும் அந்தத் தாள் சுவரில் அப்படியே இருந்தது. மிஸ் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நாங்களும் முன்போலவே கீழ்ப்படிந்தோம், முன்போலவே முணுமுணுத்தோம். வெள்ளம் வடிந்து நாங்கள் வெள்ளாங்குளத்துக்குப் போனபோது, துக்கம் கேட்க வந்தவர்களிடம் தாய் சொல்லிக்கொண்டிருந்தார்: "தர்சினியும் வந்தவள். சுடலைவரைக்கும் போனவள்." யாராவது திருத்தப் பார்த்தால், "போனவள். நான்தான் அனுப்பினனான்" என்பார். வருடக்கணக்காக அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். தர்சினி படித்து முடித்து, கடற்றொழில் கந்தோரில் வேலை எடுத்து, கலியாணம் முடித்த பிறகும் அந்தக் கதை மாறவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு லொட்ஜ் கட்டியிருக்கிறார்கள். பிலோமினா மிஸ் கனடாவில் மகனோடு இருக்கிறார். நஸ்ரினாவின் குரலைக் கேட்டுப் பல வருடங்கள்.

தர்சினியின் தாய் போன வருடம் செத்துப்போனார். நான் போயிருந்தேன். வெயில் காலம், நல்ல வீதி, வந்த எல்லோருடைய கையிலும் போன் இருந்தது. தர்சினி தாயின் தலைமாட்டில் இருந்தாள், தன் கையாலேயே வாய்க்கரிசி போட்டாள். பெட்டியைத் தூக்கினார்கள். படலைவரை பின்னால் போனவள், மற்றப் பெண்களோடு அங்கே நின்றுவிட்டாள். அவள் போகட்டும் என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.