அக்கா வெட்டாத ஜாயிண்ட்

ரப்பர் ஜாயிண்டின் இடுப்பைப் பிடித்து மடக்கி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார் அக்கா. ஒரு பக்கம் ஆயிற்று, திருப்பி மறுபக்கம். கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்கிறார். பலகை வாடகைக்கு எடுக்க வந்தவர்கள் வரிசையில் நெளிகிறார்கள். வெளியே நல்ல காற்று வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "காத்து நாளைக்கும் அடிக்கும்" என்பார், தலையைத் தூக்காமல்.

ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. பாய் கட்டிய பலகையில் நின்று தண்ணீர்மேல் ஓடும் விளையாட்டுக்கு வேண்டியதெல்லாம் இங்கே வாடகைக்குக் கிடைக்கும். பலகைக்கும் பாய்க்கும் பொறுப்பு அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் மாமா. ஆனால் பலகையையும் பாய்மரத்தையும் இணைக்கும் ஜாயிண்டை மட்டும் அக்கா யார் கையிலும் விடுவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்தான். பாய்மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிமிர்ந்தாலும் அதன் தயவில்தான். நடு ஏரியில் அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், ஆள் அந்தரத்தில்.

"உங்க கம்பு எந்த மாதிரி? குத்துற மாதிரியா, உக்கார்ற மாதிரியா?" இதுதான் அக்காவின் முதல் கேள்வி. ஜாயிண்டின் தலையில் இருக்கும் முளை பாய்மரத்தின் அடிக்குள் குத்தி நுழைவது ஒரு வகை. ஜாயிண்டின் தலையே கிண்ணமாக இருந்து, பாய்மரம் அதில் இறங்கி உட்காருவது இன்னொரு வகை. ஒன்றின் ஜாயிண்ட் மற்றதற்குச் சேராது. சொந்தப் பாய் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. "எல்லாம் ஒண்ணுதானே" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். "அப்ப பக்கத்துல நிக்கிறவரோட மூக்குக் கண்ணாடிய வாங்கி மாட்டிக்கங்க. அதுவும் கண்ணாடிதானே" என்றார் அக்கா. பக்கத்தில் நின்றவர் அவசரமாகத் தன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது எடை. "உண்மைய சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி கேட்பார். எனக்கு எப்போதும் மெலிந்து சுலபமாக வளைகிற ரகத்தைத்தான் தருவார். "நீங்க நிக்கிற நேரத்தவிட, விழுந்த பாயத் தூக்குற நேரம்தான் ஜாஸ்தி. வளைஞ்சு குடுக்கிறதுதான் உங்களுக்குச் சரி." உண்மைதான். இத்தனை வருடமாக வருகிறேன், ஏரியின் ருசி எனக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இரும்பு முட்டி வைத்த ஜாயிண்ட் அக்காவுக்கு ஆகவே ஆகாது. "ரப்பர் வெடிப்பு விட்டு முன்கூட்டியே சொல்லிடும். இது கமுக்கமா இருந்து கழுத்தறுக்கும்" என்பார். வெடிப்பு கண்ட ரப்பரையும் அவர் சும்மா தூக்கிப் போடுவதில்லை. போட்டால், இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று யாராவது பொறுக்கிக்கொண்டு போவார்கள். அந்த யாராவது பெரும்பாலும் மாமாதான். அதனால் கழித்த ஜாயிண்டை அங்கேயே, அப்போதே, கத்தியால் இரண்டு துண்டாக வெட்டிவிடுவார். கத்தி அக்கா என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது அவருக்குத் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன வருடம் மாமாவின் ஜாயிண்ட் நடு ஏரியில் உடைந்தது. இரும்பு. ராசியான ஜாயிண்ட் என்று அக்கா கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தாராம். ஜாயிண்ட் போனாலும் பாயும் பலகையும் பிரியாமல் இருக்க ஒரு பட்டை கட்டுவார்கள், அதையும் அவர் கட்டவில்லை. பலகையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாலே போதும், மீட்புப் படகு வந்திருக்கும். மாமா பலகையை விட்டுவிட்டுப் பாயைத் துரத்தி நீந்தினார். ஏனென்றால் பாய் புதுசு. தோள்பட்டை கழன்று, ஒற்றைக் கையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தவரைக் மீட்புப் படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஆபரேஷன், கட்டு, கையைத் தூக்கப் பயிற்சி. காற்றடிக்கிற நாட்களில் அவர் கொட்டகைக்குள் நாற்காலி போட்டு ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒருவழியாக டாக்டர், ஏரியில் இறங்கலாம் என்று தலையாட்டிவிட்டார். அன்றைக்குக் காற்று பதமாக இருந்தது. மாமா பலகையை இறக்கினார், பாயைக் கட்டினார், ஜாயிண்ட் வாங்க வரிசையில் எனக்கு முன்னால் வந்து நின்றார். வீட்டுக்காரர் என்று முந்திக்கொள்ளவில்லை.

அக்கா ஒன்றை எடுத்து மடக்கினார். "வெடிப்பு இருக்கு" என்று ஓரமாக வைத்தார். இரண்டாவதை மடக்கினார். "காஞ்சு போச்சு." மூன்றாவது, எங்கள் கண்ணெதிரே உறையைப் பிரித்து எடுத்தது. கறுகறுவென்று மினுங்கியது. "இது எனக்குப் பிடிக்கல" என்று அதையும் ஓரம் கட்டினார்.  அக்கா சொன்னால் சொன்னதுதான்.

மாமா அந்த மூன்றையும் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "கழிச்சா உடனே வெட்டிடுவியே. இதுல ஒண்ணையும் வெட்டலையே."

அக்கா கத்தியை எடுத்தார். புது ஜாயிண்டின் இடுப்பில் வைத்தார். கத்தி இறங்கவில்லை. ஜாயிண்ட் விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அவர் முகம் சிவந்துபோனது, பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நல்ல ஜாயிண்ட்தான்" என்றார் கடைசியில். "மூணும் நல்லதுதான். எனக்குத்தான் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் மாமா. "அதான் உன்கிட்ட வந்து நிக்கிறேன். நீ வேண்டாம்னா நாற்காலிக்கே போயிடறேன்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மூன்றையும் திரும்ப மடக்கிப் பார்த்து, பருத்த ரப்பரைத் தேர்ந்தெடுத்தார். "தோளுக்கு அதிர்ச்சி கம்மியா இருக்கும்." கவுண்டரை விட்டு வெளியே வந்து, தானே பலகையில் வைத்து முறுக்கினார், பட்டையைக் கட்டினார், ஒரு காலை ஊன்றி இழுத்துப் பார்த்தார்.

"பாய் போனா போகட்டும். பலகைய விடக்கூடாது."

"பாய் பழசுதானே."

"புதுசா இருந்தாலும்."

மாமா முதல் தடவை பாயைத் தூக்கியபோது பாதியிலேயே விழுந்தது. இரண்டாம் தடவை நிமிர்ந்தது, காற்றைப் பிடித்தது, பலகை கரையை விட்டு நகர்ந்தது. நாங்கள் கைதட்டினோம். தட்டிவிட்டுத் திரும்பினால் கவுண்டரில் ஆளைக் காணோம்.

படித்துறையில் மீட்புப் படகு கிடந்தது. அதை ஓட்டுகிறவர் டீ டம்ளரோடு வந்து அப்படியே நின்றுவிட்டார். கழுத்துவரை மாட்டிய மிதவை அங்கியோடு படகின் முன்பலகையில் உட்கார்ந்திருந்தார் அக்கா.

"என்னக்கா, எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா உக்காந்திருக்கேன். நீ டீயக் குடி."

படகைத் துறையில் கட்டியிருந்த கயிறு, அவிழ்த்த நிலையில், அவர் கையில் இருந்தது.