பதிவேட்டில் ஒரு நத்தை

அலுவலகத்தில் அண்ணனை நத்தை சார் என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவன் கோபித்துக்கொண்டதில்லை.

துறைமுகச் சரக்கோடு அயல்நாட்டுப் பூச்சியோ களையோ ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடாமல் பார்ப்பது அவன் வேலை. ஓய்வு பெற ஏழு வருடம் இருந்தபோது, தரை ஓடு வந்த பெட்டியில் உள்ளங்கை அளவு நத்தை ஒன்றைப் பிடித்தான். தோட்டத்தையே மொட்டையடிக்கும் இனம். அண்டை நாட்டோடு இருந்த ஒப்பந்தப்படி, அது யார் நாட்டிலிருந்து வந்தது என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்வரை கொல்லக் கூடாது, அது சாட்சி. பிடித்தவரே பொறுப்பு. கூட்டுக்குழு வருடம் ஒருமுறை கூடி, எங்களுடையது இல்லை என்று இரு பக்கமும் சொல்லிவிட்டு, அடுத்த தேதி குறித்துக் கலைந்தது.

என் மகள் கல்யாணத்துக்கு அண்ணன் நத்தை இருந்த கண்ணாடித் தொட்டியோடு வந்தான். யாரோ அதைப் பரிசுப் பொருள்களோடு அடுக்கிவிட, மாப்பிள்ளை நன்றி சொல்லி வாங்கியும்கொண்டார். திரும்பப் பெற அரை நாள் ஆனது.

ஓய்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் நத்தை செத்தது. அதை உயிரோடு ஒப்படைத்தால்தான் அவனை விடுவிக்க முடியும் என்றார் மேலதிகாரி. அண்ணி தன் மகள் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். அந்த ஏழு வருடத்தில் இருவரும் நிம்மதியாக ஊர் தாண்டியதில்லை.

அண்ணன் அதே இனத்தில் வேறொன்று கிடைக்குமா என்று வெட்கத்தோடு அலுவலகத்தின் பின்புறம் தேடினான். தண்ணீர்த் தொட்டியடியில் ஐந்தே நிமிடத்தில் பதினொன்று கிடைத்தன. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னான்.

"ஒண்ண எடுத்து உள்ள போடுங்க. அதுக்கு என்ன அடையாள அட்டையா இருக்கு?" என்றாள் அண்ணி.

"பதினொண்ணு இருக்கு. பத்த நான் எங்க ஒளிக்கிறது?"

உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினான்: சாட்சி இறந்தது, வெளியே பதினொன்று திரிகின்றன, உடனே நடவடிக்கை தேவை. ஏழு வருடம் எதையும் முடிவு செய்யாத குழு ஒன்பதே நாளில் பதில் போட்டது. பதிவேட்டின்படி நாட்டில் இருந்தது ஒரே நத்தை. அது இயற்கையாக இறந்தது. ஆகவே இந்த இனம் இங்கே அற்றுப்போனதாக இரு நாடுகளும் மகிழ்ச்சியுடன் அறிவிக்கின்றன. அந்தப் பதினொன்றும் எந்தச் சரக்கிலும் வராததால் குழுவின் வரம்புக்குள் வரா.

கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு அண்ணனை விடுவித்தார்கள்.

அண்ணி மகள் வீட்டுக்குத் தனியாகத்தான் போய் வந்தாள். அண்ணன் விடியும்போதெல்லாம் ரப்பர் கையுறை மாட்டி, உப்புத்தண்ணீர் வாளியோடு தெருத்தெருவாகப் பொறுக்கினான். நாடே சுத்தம்னு கையெழுத்துப் போட்டு குடுத்தாச்சே, இன்னும் என்ன சார் தேடுறீங்க என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பாராம். பழக்கம் விடமாட்டேங்குது என்பானாம்.

போன மாதம் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். நேற்று அவன் அறையை ஒழிக்கச் சான்றிதழைக் கழற்றினேன். பின்னாலிருந்த சுவரில் சுண்ணாம்பு பட்டை பட்டையாகச் சுரண்டப்பட்டிருந்தது. ஓடு வளர நத்தைக்குச் சுண்ணாம்பு வேண்டும். சட்டத்தின் முதுகில், முத்திரைக்கு நேர் பின்னால், உள்ளங்கை அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி கிட்டே வந்து பார்த்தாள். "உங்க அண்ணன இன்னும் ரிலீவ் பண்ணல போலிருக்கே," என்றாள். பிறகு போய் வாளியை எடுத்து வந்தாள்.

கையுறை எனக்குப் பெரிதாக இருந்தது.