சிரித்த முகத்துச் சாவு

பெருமாள்மலையில் ஒரு விடுதியில் அம்மா அறை துடைக்கும் வேலை பார்த்தாள். சுற்றுலா வந்த பிள்ளைகள் மறந்துவிட்டுப் போகும் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் புத்தகங்களை எனக்கு எடுத்து வருவாள். எல்லாம் இங்கிலீஷ். நான்காம் வகுப்பில் இருந்த நான் பாதியைப் படித்தும் மீதியைப் படம் பார்த்து இட்டுக்கட்டியும், கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவுக்குத் தமிழில் சொல்வேன். பண்ணைக்காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டிய அப்பாவை, இரண்டு மாத வைத்தியத்துக்குப் பிறகு, வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லி மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

பறக்கும் வீரர்களைவிட எங்களுக்குப் பிடித்தது அவர்களைக் கூட்டிப்போக வரும் சாவுதான். ஒரு புத்தகத்தில் அது எலும்புக்கூடு. இன்னொன்றில் இரும்புக் கவசம் போட்ட ராட்சசன். மூன்றாவதில் கறுப்பு முக்காடிட்ட ஒரு பெண். சிரித்தபடியே கதவைத் தட்டுவாள். சாவு ஒன்றுதானே, முகம் எப்படி மூன்று? புத்தகம் போட்டவர்கள் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றேன்.

"தப்பில்ல தாயி. ஒரே ஜீப்புல எல்லாத்தையும் ஏத்த முடியுமா? ஆளுக்கொரு வண்டி வரும்ல" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு எது வந்தா நல்லாருக்கும், சொல்லு" என்று கேட்டார்.

விளையாட்டுதானே என்று அந்தப் பெண்ணைக் காட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே அவள் வந்துவிட்டாள். நல்ல மழை. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், தலையோடு மூடிய கறுப்பு மழைக்கோட்டில் ஒரு பெண். கையில் ஒரு பெட்டி. அவளுக்குப் பின்னால் ரோடே தெரியாத மூடுபனி. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா இருக்காங்களா பாப்பா?"

நான்தானே இவளைக் கைகாட்டினேன். கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். அவள் மறுபடி மறுபடி தட்டினாள்.

"யாரு தாயி?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"காத்துப்பா."

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வலி கூடியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. நான் அசையவில்லை.

அம்மாவின் குரல் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். அந்தப் பெண் இன்னும் சுவரோரம் ஒண்டி நின்றிருந்தாள்.

"ஏண்டி, நர்ஸம்மாவ இம்புட்டு நேரமும் மழையிலயா நிக்க வச்ச?" அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது.

"விடுங்கக்கா, பிள்ள பயந்துருச்சு" என்றபடி அவள் உள்ளே போய் அப்பாவுக்கு ஊசி போட்டாள். முனகல் மெல்ல அடங்கியது. அவ்வளவு நேரமும் அவரை வலியில் துடிக்க விட்டது நான்தான் என்று தெரிந்ததும் எனக்கு அழக்கூட வரவில்லை. காரணத்தைச் சொன்னபோது அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. புத்தகங்களை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"இனிமே தெனமும் வருவேன். தொறந்து விடுவேல்ல?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் போனாள்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்: அப்பாவுக்குக் குணமாகப் போகிறது, ஆஸ்பத்திரியே எங்கள் வீட்டுக்குத் தினமும் வரப்போகிறது என்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் என்னைக் கூப்பிட்டுப் பள்ளி விடும்வரை தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.