வினோதாவின் மஞ்சள் பேட்ஜ்

எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு சண்டே கிளாஸ் எடுக்க ஆள் பிடிப்பதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் கிடையாது. ஜெபம் பண்ணச் சொன்னால் கால் மரத்துப் போகும்வரை முழங்காலில் நிற்பவர்கள், பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னால் உடனே செருப்பைத் தேடுவார்கள். ஓசூரில் சாக்குக்கும் பஞ்சமில்லை. இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் நைட், அதற்கடுத்த வாரம் ஓவர்டைம். கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடினால் விசுவாசிகள் பாவம் என்ன செய்வார்கள். நான் அந்தச் சபையில் மைக்கும் ஸ்பீக்கரும் பார்ப்பவன். மேடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் யார் எப்போது நழுவுகிறார்கள் என்பது பாஸ்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நழுவுகிறவர்களைப் படிக்கட்டிலேயே மடக்குகிறவர் வினோதா. சண்டே கிளாஸுக்குப் பொறுப்பாளர். ஆராதனை முடிந்து கீழே டீ கொடுக்கும் இடத்தில் நிற்பார். புதிதாக வந்த முகம் ஏதாவது பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தால் போதும், ஆள் தொலைந்தது.

"எனக்குப் பேச வராதுக்கா" என்பார்கள்.

"பேச வேணாம். அழுவுற பிள்ளைய மடியில வச்சிக்கினு உக்காரு. அது போதும்."

வினோதாவுக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, கார்களுக்கு ஒயர் செட் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். ஹாஸ்டல் அறையில் கூட இருந்த பெண் ஒருத்தி ஒரு ஞாயிறு சபைக்கு அழைத்து வந்தாள். வந்தவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். அழைத்து வந்தவள் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டாள். வினோதா கம்பெனி பஸ் ஓட்டும் விமல்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டதும் இங்கேதான். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசாத வாய் சபையில் இல்லை. வினோதா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். கம்பெனியில் இப்போது அவர் லைன் லீடர். புதிதாகச் சேரும் பெண்களுக்கு வேலை பழக்குவது அவர் பொறுப்பு.

சபை இருப்பது சிப்காட் பக்கம், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில். ஒரு ஹால், பக்கத்தில் இரண்டு அறைகள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் முன்பெல்லாம் ஹாலிலேயே அம்மாக்களோடு உட்கார்ந்திருக்கும். ஒன்று தமிழில் அழும், அதைப் பார்த்து இன்னொன்று கன்னடத்தில் அழும், மூன்றாவது எந்த மொழியும் இல்லாமல் கத்தும். நான் சவுண்டைக் கூட்டிக்கொண்டே போவேன். வினோதாதான் அந்தப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் ஓர அறையில் உட்கார வைத்து, சின்னவர்கள் கிளாஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் நன்றியும் சொல்லவில்லை. பாஸ்டர் பிரசங்கத்தை இன்னும் நீட்டினார், அவ்வளவுதான்.

ஆள் சேர்ந்ததும் பழக்குவது அவர் வீட்டில், சனிக்கிழமை சாயங்காலம். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். பிள்ளையாக நடிப்பது விமல்ராஜ். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மிஸ், தண்ணி", "மிஸ், ஒண்ணுக்கு", "மிஸ், இவன் என்னக் கிள்றான்" என்று உயிரை எடுப்பார். சிரிக்காமல் கதையை முடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளாஸுக்குப் போகலாம். இதைவிட நல்ல பயிற்சி எந்த வேதாகமக் கல்லூரியிலும் இருக்காது என்பது என் கட்சி.

கிளாஸ் நடக்கும்போது வினோதா அறைக்கு அறை போய்ப் பின்னால் நிற்பார். கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல். லைனில் அப்படி நின்று பழகிய கால்கள்.

போன வருஷம் கோடைக்கு முன்னால் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் மோகன்குமார், இரும்புப் பாகங்கள் கடையும் கம்பெனியில் ஆபரேட்டர். இன்னொருவர் சுகுணா. அஞ்செட்டி மலைப்பக்கத்து ஊர். வீட்டில் பாதி தமிழ், பாதி கன்னடம். ஒரு கம்பெனி கேன்டீனில் காண்ட்ராக்ட் வேலை. கணவர் திம்மராயன் கோயிலில் சாமி கும்பிடுகிறவர், சபைக்கு வர மாட்டார். ஆனால் ஞாயிறு தவறாமல் மனைவியை பைக்கில் கொண்டுவந்து ஹார்டுவேர் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போவார்.

சுகுணா சின்னவர்கள் அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்து "கூத்கோ, கூத்கோ" என்று தரையைத் தட்டினால் கன்னடம் தெரியாத பிள்ளைகூட உட்கார்ந்துவிடும். எனக்கே ஆச்சரியம். வினோதாவுக்கு அந்த வாரம் முழுக்க முகத்தில் சிரிப்பு. ரொம்ப வருஷமாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பேட்ஜ் யோசனை வந்தது.

வினோதாவின் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர் சட்டையில் ஒரு மஞ்சள் பேட்ஜ் குத்திவிடுவார்கள். 'பயிற்சியில்' என்று எழுதியிருக்கும். அது இருக்கும்வரை அந்தப் பெண்ணை யாரும் திட்டக்கூடாது. அவள் கையால் ஏதாவது கெட்டுப்போனால் பக்கத்தில் நிற்கும் லீடர்தான் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில், ஊரை நினைத்து பாத்ரூமில் போய் அழுதுகொண்டிருந்த காலத்தில், தன்னைக் காப்பாற்றியது அந்த மஞ்சள் பேட்ஜ்தான் என்று வினோதா பலமுறை சொல்லியிருக்கிறார். தனக்குக் கிடைத்த நல்லதை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். ஸ்டிக்கர் கடையில் சொல்லி அதே மாதிரி இரண்டு செய்து வாங்கி வந்தார்.

மோகன்குமார் மெடல் குத்தினாற்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெரிய பையன்கள் கிளாஸுக்குப் போனார். அவர் கம்பெனியிலும் அந்த வழக்கம் உண்டு. சுகுணா குனிந்து பேட்ஜைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டார்.

தலைப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? அனிதா என்று ஒரு அம்மா, கணவர் என்ஜினியர், மகளைக் கொண்டுவந்து விட்டார். பேட்ஜைப் படித்தார். "பாப்பா, இந்த ஆன்ட்டி இப்பத்தான் கத்துக்கறாங்க. நீ என்கூட ஹால்லயே உக்காரு" என்று மகளைத் திருப்பிக் கூட்டிப்போனார். பின்னால் வந்தவர்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். நம் சனங்களுக்கு இதற்கெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டே பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுகுணா கதையைச் சொல்லி முடித்தார். பேட்ஜைக் கழற்றி என் மைக் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வினோதா கோபத்தோடு அனிதாவிடம் போய்க் கேட்டார். அனிதா விழித்தார். "நீங்கதான சிஸ்டர் டிரெயினிங்னு எழுதி மாட்டி வச்சிருக்கீங்க?"

அடுத்த ஞாயிறு சுகுணா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் போட்டால் திம்மராயன் எடுத்து, வேலையாக இருக்கிறாள் என்றார்.

"ஒரு பேட்ஜுக்கா இவ்ளோ ரோஷம்?" என்று வினோதா என்னிடம் கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் மைக்செட்காரன் கருத்தை யார் கேட்கிறார்கள்.

சின்னவர்கள் கிளாஸை வினோதாவே எடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தன. "சுகுணா மிஸ் எங்க?" என்று ஒன்று கேட்டால் எல்லாம் சேர்ந்து கேட்டன. மே மாதம் வி.பி.எஸ். வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளி லீவில் தினமும் காலையில் பிள்ளைகளுக்கு நடத்தும் வேதாகமப் பள்ளி அது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வரும். மொத்தத்தையும் ஓடியாடிப் பார்க்க வேண்டியவர் வினோதா. அவரே ஒரு அறையில் உட்கார முடியாது.

பாஸ்டர் ராஜசேகர் நல்ல மனுஷன், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "சுகுணா சிஸ்டர் வந்தாங்கன்னா சின்னவங்களுக்கும் நடத்துவோம். இல்லன்னா எட்டு வயசுக்கு மேல மட்டும் போதும். ஆள் இல்லாம பிள்ளைங்களச் சேத்துட்டு, ஒண்ணு ரோட்டுக்கு ஓடிடுச்சின்னா யார் பதில் சொல்றது?"

சொன்னது நியாயம்தான். ஆனால் வினோதா கையால் ஆரம்பித்த கிளாஸ் அது. ஒருமுறை மூடினால் திரும்பத் திறக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அன்று மதியமே விமல்ராஜைக் கூட்டிக்கொண்டு சுகுணா வீட்டுக்குப் புறப்பட்டார். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது விமல்ராஜ்.

வரிசை வீடுகளில் ஒரு அறை. சுகுணா அடுப்பில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தார். களியைப் பாதியில் விட்டால் கட்டி தட்டிவிடும். அதனால் திரும்பாமலே "வாங்கக்கா, வாங்கண்ணா" என்றார். திம்மராயன் பாயை விரித்துவிட்டு வெளியே போய்விட்டார். விமல்ராஜ் உட்கார்ந்தார். வினோதா உட்காரவில்லை. சுகுணாவின் பின்னால் போய் நின்றார்.

"அந்த பேட்ஜ எடுத்துப் போட்டுட்டன் சுகுணா. இனிமே யாருக்கும் கெடையாது."

சுகுணா துடுப்பைச் சுழற்றிக்கொண்டே பேசினார். "எங்க கேன்டீன்ல காண்ட்ராக்ட்டுக்காரங்களுக்கு வேற கலர் கார்டுக்கா. அது கழுத்துல இருந்தா கம்பெனி ஆளுங்க டேபிள்ல உக்காரக் கூடாது. நான் ஆக்குன சோறுதான், பாத்திரம் கழுவுற எடத்துல நின்னுக்கினு சாப்புடுவன். சர்ச்சுல அதெல்லாம் இல்லன்னுதான் வந்தன். நீங்களும் ஒண்ணக் குத்தி விட்டுட்டீங்க."

அந்த மாதிரிக் கார்டுகளை வினோதாவும் தினம் பார்க்கிறவர்தான். தன் கம்பெனி கேன்டீனில் யார் எங்கே நின்று சாப்பிடுகிறார்கள் என்று அன்றுவரை கவனித்ததில்லை.

"எங்க கம்பெனில அதப் போட்டவள யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அத நெனச்சித்தான் குடுத்தன். தப்பு என்னோடதுதான், மனசுல வச்சிக்காத. நீ வரலன்னா சின்னப் பிள்ளைங்களுக்கு வி.பி.எஸ். இல்லன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு."

சுகுணா அடுப்பை அணைத்தார். அப்போதுதான் திரும்பினார்.

"நான் வரன்க்கா. பிள்ளைங்க ஞாபகமாத்தான் எனக்கும் இருக்குது. ஆனா ஒண்ணு சொல்லணும். பேட்ஜு மட்டும் இல்ல. நான் கத சொல்லும்போது நீங்க வந்து பின்னால நிக்கறீங்க. இப்பகூட அப்டித்தான் நிக்கறீங்க. எங்க சூப்பர்வைசரும் அப்டித்தான் நிப்பாரு. வாயில வார்த்த வரமாட்டேங்குது. நீங்க என் ரூமுக்கு வராம இருந்தா நான் நடத்தறன்."

வினோதா சட்டென்று நகர்ந்து விமல்ராஜ் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். பிறகு, "சரி. வரல" என்றார்.

களி சாப்பிடவைத்துத்தான் அனுப்பினார்கள். திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி, "அந்த கிளாஸ ஆரம்பிச்சதே நாந்தான?" என்று வினோதா ஒரே ஒருமுறை கேட்டாராம். "அப்ப எனக்கும் இனிமே சின்னப் பிள்ள வேஷம் கெடையாதா?" என்று விமல்ராஜ் கேலி செய்து பார்த்திருக்கிறார். வினோதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வி.பி.எஸ். நடந்தது. சின்னவர்கள் அறை நிரம்பி வழிந்தது. அனிதாவின் மகளும் அங்கேதான். பேட்ஜ் யாருக்கும் இல்லை, மோகன்குமாருக்கு மட்டும் அதில் லேசான வருத்தம். வினோதா எல்லா அறைக்கும் போய்வந்தார், அந்த ஒரு அறையைத் தவிர. ஆனால் எலுமிச்சை ஜூஸ் கலக்கும் வாளியை மட்டும் தினமும் அந்த அறை வாசலிலேயே வைத்துக்கொண்டார். மாடியில் வேறு இடமே இல்லையா என்று நான் கேட்கவில்லை.

மீன் விழுங்கிய யோனா கதை சொன்ன அன்று நான் எதிரில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே சுகுணாவின் குரல் நன்றாகக் கேட்டது. மீன் வயிற்றுக்குள் ஒரே இருட்டாம், போனில் டவர் இல்லையாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. "அப்டியே பத்து நாளு உள்ளயே கெடந்தாரு" என்றார் சுகுணா. மூன்று நாள் என்பது சபையில் சுவருக்குக்கூடத் தெரியும். வினோதா கரண்டியை விட்டுவிட்டு எழுந்தார். கை கதவுக்குப் போனது. தாழ்ப்பாளைத் தொட்டுக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று, பக்கத்துத் தெருவிலிருந்து புதிதாக வந்தது, பாத்ரூமுக்குப் போக வெளியே வந்தது. போய்விட்டு வந்தும் வினோதா அங்கேயே நிற்பதைப் பார்த்தது.

"ஆன்ட்டி, ஏன் வெளிய நிக்கறீங்க? லேட்டா வந்தீங்களா?"

வினோதா பதில் சொல்வதற்குள் அது அவர் விரலைப் பிடித்து இழுத்தது. "உள்ள வாங்க. எங்க மிஸ் திட்ட மாட்டாங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ சொல்லியும் அசையாத வினோதாவின் முகம் அந்த ஒரு நிமிஷம் கலங்கியதை நான் பார்த்தேன். குனிந்து குழந்தையின் விரல்களை மெதுவாகப் பிரித்தார். "ஆன்ட்டிக்கு வெளிய வேல இருக்குது கண்ணு. நீ போ, கத முடிஞ்சிடப் போவுது."

குழந்தை உள்ளே ஓடியது. மிஸ் சொல்லிவைத்திருப்பார் போல, மறக்காமல் திரும்பிவந்து இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தியது.

வினோதா என் பக்கம் திரும்பினார்.

"நல்லா நடக்குதுல்ல?"

"நல்லா நடக்குதுக்கா."