தண்ணி தெளிக்கிறவள்

அந்த ரோட்டில் போகிற வருகிற எல்லாருக்கும் அந்தக் கொட்டகையைத் தெரியும். கம்பி வேலிக்குப் பின்னால் ஆள் உயரம், இடுப்பு உயரம், முழங்கால் உயரம் என்று சிமெண்ட் முகங்கள் வரிசையாக நின்று, வாயைப் பிளந்துகொண்டு ரோட்டைப் பார்க்கும். கண்ணு ரெண்டும் தேங்காய் மூடி அளவுக்கு இருக்கும். பல்லு எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். எங்கேயோ கடலுக்கு நடுவில் இருக்கிற தீவு ஜனங்கள் மரத்தில் செதுக்குகிற முகமாம் அது. அதற்கு டிக்கி என்று பேர். இப்போது பணக்காரர்கள் தோட்டத்தில் வைக்கிறார்கள்.

பேரைக் கேட்டதும் ஜனங்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன் ஒருநாள் தவறாமல், "அண்ணே, பழைய கார் ஒண்ணுக்கு டிக்கி வேணும், மூடியோட கிடைக்குமா?" என்று கேட்பான். டிக்கி என்று மனுஷனுக்கும் ஒன்று உண்டு என்பதை அவன் வாயால் சொல்ல மாட்டான். கண்ணாலேயே சொல்லிவிட்டு டயரைத் திருப்புவான்.

கொட்டகைக்காரர் இதற்கெல்லாம் அசைந்து கொடுக்க மாட்டார். அவர் வேலி வாசலில் "சிற்பி" என்று ஒரு போர்டு மாட்டியிருக்கிறார். எழுதினவன் "ற்" புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்துவிட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்துக்கு மேல் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவர் சம்சாரம் அந்தப் போர்டைத் துணி வைத்துத் துடைக்கிறபோதெல்லாம் அந்தப் புள்ளியை மட்டும் இரண்டு தேய்ப்பு அதிகமாகத் தேய்ப்பாள். போகாது என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் அவர் சிற்பி இல்லை. கக்கூஸ் குழிக்கு உறை வார்க்கிறவர். துணி துவைக்கிற கல்லும் வார்ப்பார். அந்த வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. உறை வட்டமாக இருந்தால் உறை, இல்லாவிட்டால் ஜல்லி. அதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. மனுஷனுக்கு உபயோகப்படுகிற பொருள் செய்கிறோம், ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று அவள் மண் சலித்தாள், அச்சுக்குக் கழிவு எண்ணெய் தடவினாள்.

அப்போதுதான் ஒரு தோட்டக்காரர் படம் ஒன்றைக் கொண்டுவந்து, இந்த மாதிரி ஒரு முகம் வேண்டும் என்றார். இவர் சரி என்றார். இவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, செய்யவும் தெரியாது. அச்சைக் கட்டிக் கலவையை ஊற்றிவிட்டு, பொறுக்க மாட்டாமல் மறுநாளே பிரித்தார். கீழ் உதடும் அரைத் தாடையும் அச்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. வாய் இருந்த இடத்தில் ஒரு குகை. மனுஷனுக்கு முகம் செத்துப்போனது. தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அடடா, என்னமா கத்துது பாருங்க" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவர் குரங்கு பிடிக்கப் போய், அதுவும் சரியாக வராமல் போனதில் பிழைத்தவர்.

அன்றிலிருந்து ஆள் மாறிப்போனார். முடியை வளர்த்தார். கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டார். வெயில் காலத்திலும் அதைக் கழற்றவில்லை. முகம் கனவில் வந்து தன்னோடு பேசுகிறது என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். இவர் பட்டப்பகலில் பிடித்தார், பிடிப்பதற்கு ஆளும் கேட்டார். கனவில் அது என்ன பாஷையில் பேசியது என்று அவள் ஒரு தடவை கேட்டாள். இவர் ஆணியை எடுத்துக்கொண்டு கண் கீறப் போய்விட்டார்.

ஆமாம், அவர் செய்கிற வேலை அதுதான். மணல் சலிப்பது அவள். கம்பி வளைப்பது அவள். கலவை குழைத்து அச்சில் ஊற்றி, காற்று நிற்காமல் குச்சியால் குத்தி இறக்குவது அவள். அச்சு பிரித்த பிறகு இவர் வந்து, ஆணியால் கண்ணைச் சுற்றி ரெண்டு கோடு, மூக்கைச் சுற்றி ரெண்டு கோடு கீறிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். சாய்த்துப் பார்ப்பதற்குத்தான் நேரம் அதிகம் ஆகும். அதோடு அவர் கை கழுவிவிடுவார்.

அதற்கு மேல்தான் அவளுடைய பெரிய வேலை ஆரம்பிக்கும். சிமெண்ட் இறுகுகிறது வேறு, பலப்படுகிறது வேறு. இறுகுவது தானாக நடக்கும். பலப்படுவதற்குத் தண்ணீர் வேண்டும். ஈரச் சாக்கைச் சுற்றி, காலை, மத்தியானம், சாயங்காலம் என்று சாக்கு காயாமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பச்சைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிதான். விட்டால் முடி மாதிரி கீறல் விழும். வெறும் முகமானால் பரவாயில்லை, நீரூற்று என்றால் போச்சு. முகத்துக்குக் கீழே உடம்பும் வைத்து, வயிறு வரைக்கும் தண்ணீர் நிற்கிற சாமான் அது.

அவள் தெளிக்கிறபோது ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே தெளிப்பாள். யார் கும்பிட்ட முகமோ, எந்த ஜனங்களுடைய சாமியோ, நம்ம கையில் வந்து மாட்டிக்கிச்சு, பொறுத்துக்கோ என்பாள். அவளுக்கு அந்த முகங்கள் பிடிக்காது. ஆனாலும் ஒருத்தர் கும்பிட்டதை அசிங்கமாகச் செய்து கொடுக்கக் கூடாது என்று இருந்தது.

அவள் அவரிடம் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. வெளி ஆள் ஒருத்தர் முன்னால், "இது இவ வேலை" என்று ஒரே ஒரு தடவை அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று ஆசை. அவர் வாய் எதற்கெல்லாமோ திறக்கும். அதற்குத் திறக்கவில்லை.

ஒருநாள் ஒரு ஓட்டல் முதலாளி வந்தார். தோட்டத்துக்கு நடுவில் வைக்க ஆள் உயர நீரூற்று வேண்டும், டிக்கி வாயிலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டும் என்றார். சிற்பியார் கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, கனவுக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். முதலாளி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். சாக்கு சுற்றின முகம் ஒன்றின் பக்கத்தில், முழங்கை வரை ஈரமாக, தண்ணி மக்கும் கையுமாக இவள் நின்றாள். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மாவும் சிற்பிதானா?"

"இவளா?" என்று சிரித்தார் கொட்டகைக்காரர். "இவ சும்மா தண்ணி தெளிக்கிறவ சார்."

முதலாளியும் சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடைக்காரன்கூடச் சிரிக்கவில்லை.

அவள் மக்கைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். முதலாளி போன பிறகு இவர் உள்ளே வந்து சோறு கேட்டபோது, தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: "சரிங்க. தண்ணி தெளிச்சு விட்டாச்சு."

சாக்குக்குத் தெளித்ததைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

ஓட்டல் நீரூற்றை அவள் எப்போதும் போலவே வார்த்தாள். மணலில் குறை வைக்கவில்லை, கம்பியில் குறை வைக்கவில்லை. அச்சைப் பிரித்தாள். அவர் கீறினார், தலையைச் சாய்த்தார். அதற்குப் பிறகு சாக்கும் கிடையாது, தண்ணியும் கிடையாது. பெரிய முகம் நல்ல வெயிலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தாகத்துக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. காலையில் எழுந்ததும் அவள் கை தானாக மக்குக்குப் போகும், பிறகு திரும்பி வரும். அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பாள். சாமி கும்பிட உட்கார்ந்தால் மனசு நிற்காது.

"அக்கா, பெருசு வெயில்ல காயுதே" என்றான் பஞ்சர் கடைக்காரன்.

"காயட்டும்" என்றாள். "சிற்பி பார்த்துக்குவாரு."

சிற்பி பார்க்கவில்லை. ஓட்டலுக்குப் போகிற அன்றைக்கு என்ன சட்டை போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நீரூற்றை லாரியில் ஏற்றி, ஓட்டல் தோட்டத்துக்கு நடுவில் தொட்டியில் நிறுத்தினார்கள். முதலாளி விருந்தாளிகளைக் கூட்டி வைத்திருந்தார். மோட்டாரைப் போட்டார்கள். குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி, வயிற்றில் நிறைந்து, வாய் வழியாகக் கொட்ட வேண்டும். எல்லாரும் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயில் ஒரு சொட்டு வந்தது. இன்னொரு சொட்டு வந்தது. தூங்குகிற ஆளுக்கு வடிகிற மாதிரி வடிந்தது, அவ்வளவுதான். பின்னால் நின்ற ஒரு குழந்தைதான் முதலில் பார்த்தது. முதுகுக்குக் கீழே, உட்காருகிற இடத்தில், நடுவாக ஒரு கீறல் விழுந்து, தண்ணீர் அங்கேயிருந்து அழகாகப் பீய்ச்சி அடித்தது.

டிக்கிக்கு டிக்கி வழியாகவே போகிறது என்று யாரோ சொன்னார்கள். தோட்டமே சிரித்தது.

கூட்டத்து ஓரத்தில் நின்ற அவள் இதற்குத்தான் காத்திருந்தாள். இப்போது அந்தக் கழுத்துத் துணி முகத்தை மூடும் என்று பார்த்தாள். அவர் மூடவில்லை. துணியை நேராக இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கையைத் தூக்கிக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். அந்தத் தீவில் அப்படித்தானாம். மனுஷனுடைய பாவத்தை வாயால் வாங்கி, பின்னால் தள்ளிவிடுமாம். இதைச் செய்யத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லையாம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள், இவருக்குச் சிமெண்ட்கூட ஒட்டவில்லை.

முதலாளி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அந்த நேரத்தில் எது டிக்கி, எது முதலாளி என்று தெரியவில்லை. "என்ன ஒரு தத்துவம்" என்றார். விருந்தாளிகள் சுற்றிச் சுற்றிப் பின்பக்கமாகப் போட்டோ எடுத்தார்கள். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

லாரியில் திரும்பி வருகிறபோது அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் அவரைப் பார்த்து முகம் சுளித்தவள், அன்றைக்குத் தன் கையைப் பார்த்து முகம் சுளித்தாள். ஒழுகுகிற சாமானை இந்தக் கைதானே செய்தது. யாரோ கும்பிட்ட முகத்தைப் பார்த்து நாலு பேரைப் பின்பக்கம் நின்று சிரிக்க வைத்ததும் இந்தக் கைதானே. அவர் பொய் சொல்லிப் பிழைக்கிறார், அது அவர் பிழைப்பு. தனக்கு என்ன வந்தது? கடவுளிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வழியில் அவர் ஏதோ நினைவு வந்த மாதிரி கேட்டார்.

"அந்த ரெண்டுக்கும் பின்னால அதே மாதிரி வரணும். அது எப்படி வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் அவள். "நான் தண்ணி தெளிக்கிறவ."

கலை என்றால் தானாக வரும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அந்த இரண்டையும் அவள் வார்த்த மாதிரி எதையும் வார்த்ததில்லை. சாக்கை ரெட்டையாகச் சுற்றினாள். கவிழ்த்து வைத்திருந்த மக்கை நிமிர்த்தினாள். வெயில் ஏறும் முன்னே ஒரு தடவை, ஏறின பிறகு ரெண்டு தடவை, சாயங்காலம் சாக்கைத் தொட்டுப் பார்த்து இன்னொரு தடவை தெளித்தாள். முதல்தடவை செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தெளித்தாள். அவர் வந்து கண் கீறிவிட்டு, பின்பக்கமாகப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். திருப்தியாகத்தான் போனார்.

ஓட்டல் வாசலில் இரண்டையும் நிறுத்தினார்கள். இந்தத் தடவை விருந்தாளிகள் எல்லாரும் முதலிலேயே பின்னால் போய் நின்றுகொண்டார்கள். மோட்டார் ஓடியது. இரண்டு வாயிலிருந்தும் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. பின்பக்கம் சுக்கு மாதிரி காய்ந்து கிடந்தது. ஒரு ஈரக் கசிவுகூட இல்லை. போட்டோ எடுக்க வந்தவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளிக்கு முகம் சுருங்கியது. "என்ன சிற்பி, பாவம் வாங்கிக்கிச்சு, வெளியே தள்ளலையே?"

சிற்பியார் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். கடைசியில் சுற்றி வந்த விரல் அவளிடம் வந்து நின்றது.

"இவதான் சார். கலக்குறது, ஊத்துறது, தண்ணி விடுறது, எல்லாமே இவதான். இது முழுக்க இவ வேலை. என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?"

அவ்வளவு பேர் முன்னால், சத்தமாக, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். இத்தனை வருஷம் கேட்கக் காத்திருந்த வார்த்தை வந்த லட்சணத்தைப் பாருங்கள். கோயில் வாசலில் வர வேண்டியது கோர்ட் வாசலில் வந்தது.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆமாங்க, என் வேலைதான். இது ஒழுகாது. எத்தனை வருஷமானாலும் ஒழுகாது" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உள்ள நிக்குதே, அதுவும் நான் செஞ்சதுதான். வேணும்னு தண்ணி விடாம விட்டேன், கீறிப்போச்சு. அனுப்பிவிடுங்க, அடைச்சுத் தரேன்" என்றாள்.

முதலாளி அனுப்பவில்லை. விருந்தாளிகள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றார். ஒழுகாத இரண்டையும் வேண்டாவெறுப்பாக வாசலில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அவள் இன்றைக்கும் வாசலைப் பார்ப்பாள், உள்ளே பார்க்க மாட்டாள்.

ஓட்டலிலிருந்து வந்த மறுநாள் காலையில் அவர் வேலியோரம் நின்று பஞ்சர் கடைக்காரனிடம் புதுக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டும் கூச்ச சுபாவமாம். நாலு பேர் பின்னால் வந்து நின்றால் தள்ளாதாம். நேற்றைக்குக் கனவில் வந்து வருத்தப்பட்டதாம்.

பஞ்சர் கடைக்காரன் டயரைத் திருப்பிக்கொண்டே, அவர் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தான். அவள் மக்கை நிறைத்துக்கொண்டு வந்தாள். அவருக்குப் பின்னால் சாக்கு சுற்றின முகம் நின்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அவள். "இது பலப்படுறதுக்கு வச்ச தண்ணி. உங்க மேல பட்டா வீணாப் போகும்."